பெயர்ச்சீட்டுதான் முதல்

மாடியில் நாற்பது அடினியம் தொட்டிகள் சேர்ந்ததும் வீட்டில் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: "இத்தனை இருக்கே, நாலைக் கொடுத்துக் காசாக்கினா என்ன?" எங்கள் வீட்டில் கேட்டது மாமியார். "ஆமாம் அத்தை, பூ நல்லா இருக்கு, யாராவது வாங்குவாங்க" என்றேன். அது தப்பான பதில் என்று புரிய எனக்கு இரண்டு வருடம் ஆனது. பூவைப் பார்த்து வாங்குகிறவர் ஒரு செடியோடு போய்விடுவார். அபூர்வச் செடிகளைத் தேடிச் சேர்க்கிறவர்களோ, செடியில் குத்தியிருக்கும் பெயர்ச்சீட்டை நம்பி வருகிறார்கள். நம்பினால் பத்து வருடம் வருவார்கள். செடி சேர்க்கும் ஆசையைத் தொழிலாக மாற்ற நினைப்பவருக்கு நான் சொல்லக்கூடியதில் இதுதான் தலையாயது.

அடினியத்தை வைத்தே பேசுகிறேன். நம் ஊர் வெயிலுக்கு ஏற்றது, மாடியில் வளரும், கைப்பழக்கம் வரச் சீக்கிரம் கற்றுக்கொடுக்கும். ஆப்பிரிக்காவின் சகேல் வறள்நிலமும் அரேபியாவும் அதன் தாயகம். கடையில் 'பாலைவன ரோஜா' என்பார்கள். ஆனால் அது ரோஜாவுக்கு உறவில்லை, அரளிக் குடும்பம். அரளியைப் போலவே இதன் பாலும் நஞ்சு. ஆப்பிரிக்காவில் வேட்டைக்காரர்கள் அதை அம்பு முனையில் தடவியிருக்கிறார்கள். வெட்டும்போது கையுறை போடுங்கள். குழந்தைகளும் நாய் பூனையும் இருக்கும் வீட்டுக்கு விற்றால் இதைச் சொல்லி விற்பது உங்கள் கடமை. பருத்த அடித்தண்டில் தண்ணீரைச் சேர்த்து வைத்திருப்பதால், மண்ணை உதறி, வேரை உலர்த்தி, செய்தித்தாளில் சுற்றி அனுப்பினாலும் ஒரு வாரம் தாங்கும். கூரியரில் போகவே பிறந்த செடி.

விதையா, ஒட்டா?

புதிதாக வருகிறவர்கள் முதலில் சறுக்கும் இடம் இது. அடினியம் விதை தாயைப் போலப் பூக்காது. அடுக்கடுக்காகக் கறுஞ்சிவப்பில் பூத்த செடியின் விதையைப் போட்டால் ஒற்றை இதழில் வெளிர் ரோஸ் பூக்கலாம். வேறு எப்படியும் பூக்கலாம். அதே பூ வேண்டுமானால் அதே செடியின் குச்சியை வெட்டி வேறொரு நாற்றின் மேல் ஒட்டுவதுதான் வழக்கம். அதனால் பெயர் சொல்லி விற்கும் ரகம் என்றால் அது பெரும்பாலும் ஒட்டுச்செடியாகத்தான் இருக்கும். விதைக்கன்றை இன்ன ரகத்தின் பெயரில் விற்பது, தெரியாமல் செய்தாலும் பொய்தான். 'இன்ன தாயின் விதைக்கன்று, பூ தெரியாது' என்று எழுதி விற்கலாம். வாங்குகிறவருக்கும் அதில் ஓர் ஆவல் இருக்கிறது. என்ன பூக்கும் என்று ஒன்றரை இரண்டு வருடம் காத்திருப்பது தனிச் சுகம்.

என் ஆரம்ப நாட்களில், மஞ்சள் அடுக்குப் பூ என்று ஓர் ஒட்டுச்செடியை நல்ல விலைக்கு வாங்கினேன். எட்டு மாதம் கழித்துச் சாதாரண ரோஸ் நிறத்தில் பூத்தது. உற்றுப் பார்த்தால் ஒட்டுக்குக் கீழே கிளைத்த துளிர் மேலே ஏறியிருந்தது, ஒட்டிய குச்சி எப்போதோ பட்டுப்போயிருந்தது. விற்றவர் ஏமாற்றினாரா, கவனிக்காமல் அனுப்பினாரா, தெரியாது. கேட்டபோது அவர் பதில் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவரிடம் நான் வாங்கவில்லை, என்னிடம் கேட்டவர்களையும் அனுப்பவில்லை. ஒரு செடியில் ஏற்பட்ட பிழையை மாற்றுச்செடி கொடுத்துச் சரிசெய்திருந்தால் அவருக்கு வாழ்நாள் வாடிக்கையாளர் ஒருவர் கிடைத்திருப்பார். அன்றிலிருந்து ஒட்டுக்குக் கீழே வரும் துளிரை வாரம் ஒருமுறை கிள்ளிவிடுகிறேன்.

பெயர்க் குழப்பம் இத்துறையில் அதிகம். ஏமன் நாட்டின் சோகோட்ராத் தீவில் இயற்கையாக வளரும் அடினியம் ஒன்று. 'தாய் சோகோ' என்று சந்தையில் புழங்கும் தாய்லாந்துச் செடி வேறொன்று. இரண்டையும் ஒரே பெயரில் விற்றால், விவரம் தெரிந்தவர் உங்களிடம் வாதாட மாட்டார், அமைதியாக விலகிவிடுவார். பெயர் தெரியாத செடிக்கு 'பெயர் தெரியாது' என்றே எழுதுங்கள். அப்படி எழுதும் விற்பனையாளர் எழுதிய மற்றப் பெயர்களைத்தான் ஆட்கள் நம்புவார்கள். அடுத்தவர் உருவாக்கிய ரகத்துக்கு உங்கள் பெயரையோ பிள்ளையின் பெயரையோ சூட்டாதீர்கள்.

ஒரு நோட்டு போடுங்கள். எந்தச் செடி, யாரிடமிருந்து, எந்தத் தேதி, என்ன பெயரில் வந்தது, முதலில் எப்போது பூத்தது, பூ பெயருக்குப் பொருந்தியதா. தொட்டியில் குத்தும் சீட்டில் பென்சிலால் எழுதுங்கள். மார்க்கர் மை நம் வெயிலில் ஆறு மாதத்தில் வெளுத்துவிடும், பென்சில் நிற்கும்.

அபூர்வத்தின் விலை இறங்கும்

பிலோடெண்ட்ரான் 'பிங்க் பிரின்சஸ்', மான்ஸ்டெரா 'தாய் கான்ஸ்டலேஷன்' என்ற அலங்கார இலைச்செடிகள் இரண்டையும் நினைவில் வையுங்கள். கொரோனா ஊரடங்குக் காலத்தில் உலகம் முழுக்கச் செடிப் பிரியர்கள் இவற்றுக்காகப் பெரும் பணம் கொடுத்தார்கள். திசு வளர்ப்புக் கூடங்கள் ஆயிரக்கணக்கில் பெருக்கி இறக்கியதும் விலை சரிந்தது. அரிதாக இருந்ததற்கு ஒரே காரணம் பெருக்க ஆளில்லாததுதான். பெருக்க வழி வந்ததும் அரிது என்ற சொல்லுக்கே இடமில்லாமல் போயிற்று. உச்ச விலையில் தாய்ச்செடி வாங்கி, அது கன்று ஈன்று போட்ட காசை மீட்கும் என்று கணக்குப் போட்டவர்கள்தான் அதிகம் இழந்தார்கள்.

'பிங்க் காங்கோ' என்ற இன்னோர் இலைச்செடியின் கதை இன்னும் வேதனை. முழு இலையும் ரோஸ் நிறத்தில் இருந்ததால் பறந்து பறந்து வாங்கினார்கள். அது செடியின் இயல்பான நிறமே இல்லை. ரசாயனத்தால் வரவழைத்த நிறம். சில மாதங்களில் புது இலைகள் பச்சையாகவே வந்தன. நிறத்தையோ வடிவத்தையோ பார்த்து மலைக்கும்போது, அடுத்த இலையும் இப்படியே வருமா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

அப்படியானால் எதை நம்பி இறங்குவது? கைத்திறனை. ஒரு மாதிரிக் கணக்கு போட்டுப் பார்ப்போம். பத்து ஒட்டு கட்டுகிறீர்கள். ஒவ்வொன்றுக்கும் வேர்ச்செடியாகும் நாற்று 50 ரூபாய், தொட்டியும் மண்கலவையும் 40 ரூபாய். மொத்தம் 900. ஏழு ஒட்டு பிடிக்கிறது. ஏழையும் அனுப்ப பெட்டி, டேப், காகிதம் தலா 30 ஆக 210. வழியில் ஒன்று அழுகிப்போகிறது, அதற்குப் பணமும் வாங்கிய கூரியர் கட்டணம் 100-ம் திருப்பித் தருகிறீர்கள். ஆறு செடி, தலா 250 என்றால் வரவு 1,500. செலவு 1,210. ஆறு மாதம் தண்ணீர் ஊற்றியதற்கு மிச்சம் 290 ரூபாய். இதையே பத்தில் ஒன்பது பிடிக்கும் அளவுக்குக் கை தேறி, ஒன்பதும் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தால் வரவு 2,250, செலவு 1,170, மிச்சம் 1,080. விற்ற விலை ஒரு ரூபாய்கூட ஏறவில்லை. வித்தியாசம் முழுவதும் பிளேடிலும் பெட்டியிலும் இருக்கிறது.

பிளேடைப் பற்றி: ஒவ்வொரு வெட்டுக்கும் முன் ஸ்பிரிட்டில் துடையுங்கள். விரல் பருமன் நாற்றைக் குறுக்கே ஒரே இழுப்பில் வெட்டி, இலை நீக்கிய குச்சியை அதன்மேல் பொருத்தி, இரண்டின் பட்டைக்கு உள்ளிருக்கும் பச்சை வளையங்கள் ஒரு பக்கமாவது தொடும்படி பாலிதீன் நாடாவால் இறுக்குங்கள். மேலே கவர் மாட்டி நிழலில் வைத்து, இரண்டு மூன்று வாரம் தொடாதீர்கள். தொடாமல் இருப்பதுதான் கஷ்டம். பங்குனி, சித்திரை வெப்பத்தில் ஒட்டு நன்றாகப் பிடிக்கும். ஐப்பசி மழையில் கட்டினால் பாதி அழுகும். அடைமழைக்காலத்தில் விற்பனையையும் ஓரளவு நிறுத்திவையுங்கள். நனைந்த பெட்டிக்குள் ஐந்து நாள் கிடந்தால் அடினியமும் தாங்காது.

அனுப்புவதற்கு இரண்டு நாள் முன்பே செடியை எடுத்து, வேரில் காயம் இருந்தால் ஆறவிட்டுக் கட்டுங்கள். திங்கள் காலையில் கொடுத்தால் ஞாயிறு கிடங்கில் கிடக்காது. பெட்டியைப் பிரிக்கும்போது வீடியோ எடுக்கச் சொல்லுங்கள், செத்து வந்தால் பணம் திரும்பும் என்று முன்கூட்டியே எழுத்தில் கொடுங்கள். 'வந்ததும் தண்ணீர் ஊற்றாதீர்கள், நட்டு நாலைந்து நாள் கழித்து ஊற்றுங்கள்' என்று ஒரு துண்டுச்சீட்டு உள்ளே வையுங்கள். பாதிப் புகார்கள் அந்தச் சீட்டிலேயே தீர்ந்துவிடும்.

கொடுத்து வாங்கும் கூட்டம்

காசில்லாமல் செடிக்குச் செடி மாற்றிக்கொள்வது இந்தக் கூட்டத்தின் உயிர். மாற்றும்போது விலையைச் சமன் பார்ப்பதைவிட, ஆரோக்கியத்தைச் சமன் பாருங்கள். நீங்கள் வேர் பிடித்த செடி கொடுத்து, அவர் வேரில்லாக் குச்சி தருவதாக இருந்தால் முதலிலேயே பேசிவிடுங்கள். இலையின் மேல்பக்கப் படத்தை மட்டும் அனுப்புகிறவரிடம் அடிப்பக்கப் படத்தையும் கேளுங்கள். செம்பேனும் மாவுப்பூச்சியும் அங்கேதான் இருக்கும். வந்த செடியை மூன்று வாரம் தனியே வைக்காமல் மற்றச் செடிகளோடு சேர்க்காதீர்கள். ஒரு மாவுப்பூச்சிச் செடியால் மாடியே காலியான கதை ஒவ்வொரு குழுவிலும் ஒன்றாவது உண்டு.

பெரியவர் ஒருவர், முப்பது வருடம் கள்ளியும் அடினியமும் வளர்த்தவர், நான் முதன்முதலில் போனபோது விற்க மாட்டேன் என்றார். திரும்பும்போது ஒரு குச்சியை வெட்டிக் கையில் கொடுத்து, "இது பிடிச்சா ரெண்டு பேருக்குக் கொடும்மா" என்றார். அந்தத் தாயின் ஒட்டு இப்போது ஆறு வீடுகளில் இருக்கிறது. போன வருடம் அவருடைய செடி வெள்ளத்தில் அழுகியபோது, அவருக்கே ஒன்று திரும்பிப் போயிற்று. ஒரே ஆளிடம் முடங்கிக் கிடக்கும் ரகம் ஒரு மழைக்காலத்தில் அழிந்துவிடும். பங்கிட்டால் பிழைக்கும். வியாபாரத்துக்கும் இது நல்லது: உங்கள் தாய்ச்செடிகளின் நகல் நம்பகமான இருவரிடம் இருக்கட்டும்.

சட்டத்தை மீறாதீர்கள். தாய்லாந்திலிருந்து விதையோ குச்சியோ வரவழைக்க, 2003-ஆம் ஆண்டின் தாவரத் தொற்றுத்தடுப்பு ஆணைப்படி இறக்குமதி அனுமதியும் அந்நாட்டின் தாவர நலச் சான்றிதழும் வேண்டும். துணிப் பொட்டலத்துக்குள் மறைத்துக் கொண்டுவருவது கடத்தல்தான், புதிய பூச்சியும் நோயும் அப்படித்தான் நாட்டுக்குள் நுழைகின்றன. ஆர்க்கிட், பெரும்பாலான கள்ளிகள், பாக்கிபோடியம், சைகஸ் ஆகியவை, அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் ஒப்பந்தப் பட்டியலில் இருப்பவை. இந்தியா அதில் 1976 முதல் உறுப்பினர். 2022-இல் திருத்திய வனவுயிர்ச் சட்டத்தில் அந்தப் பட்டியலுக்குத் தனி அட்டவணையே வந்துவிட்டது. காப்புக்காட்டிலிருந்து ஓர் ஆர்க்கிட்டைப் பெயர்த்தாலும் குற்றம். மலைப் பாதையோரம் மரப்பட்டையோடு சுற்றி விற்கும் ஆர்க்கிட்டை வாங்காதீர்கள். சமவெளிக்கு வந்து பெரும்பாலும் செத்துப்போகும், காட்டிலும் ஒன்று குறைந்திருக்கும். ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் ஆர்க்கிட் தோட்டம் இருக்கிறது. இயல்பான சூழலுக்கு நெருக்கமான அந்த இடத்தில் அவற்றைப் பார்த்தால் பெயர்த்தெடுக்க மனம் வராது. வரியைப் பொறுத்தவரை, உயிர்ச்செடிக்கு ஜிஎஸ்டி கிடையாது, பிளாஸ்டிக் தொட்டிக்கு உண்டு. பில்லைத் தனித்தனியாக வையுங்கள்.

வேலையை விட்டுவிடலாமா என்று கேட்பவர்களுக்கு: ஒரு முழு வருடக் கணக்கு கையில் இல்லாமல் விடாதீர்கள். கோடையில் வரும் காசைப் பார்த்து முடிவெடுத்தால் கார்த்திகையில் திண்டாட வேண்டிவரும். சொந்தமாக விற்பது ஒன்றே வழியும் அல்ல. நல்ல கை உள்ள ஒட்டுக்காரருக்கு நர்சரிகளில் எப்போதும் தேவை உண்டு, ஒட்டுக்கு இவ்வளவு என்று கூலி பேசிச் செய்யலாம். செடி சேர்த்து வைத்துக்கொண்டு வெளியூர் போகிறவர்கள் வீட்டுத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ள விவரம் தெரிந்த ஆளைத் தேடுகிறார்கள். உயிரியல் படித்தவருக்குத் திசு வளர்ப்புக் கூடத்தில் வேலை இருக்கிறது. கோவை வேளாண் பல்கலைக்கழகமும் தோட்டக்கலைத் துறையும் நடத்தும் பயிற்சிகளுக்குப் போங்கள். பாடத்தைவிட பக்கத்து நாற்காலியில் உட்காருபவரின் அறிமுகம் உதவும்.

எங்கள் மாடியில் இந்த வாரம் காய் கட்டும் வேலை. பிப்ரவரியில் மெல்லிய தூரிகையால் நானே மகரந்தம் சேர்த்த பூக்கள் இப்போது மாட்டுக் கொம்பு போல ஜோடி ஜோடியாகக் காய்த்திருக்கின்றன. முற்றி வெடித்தால் இரு முனையிலும் பஞ்சு முளைத்த விதைகள் தெருவெல்லாம் பறந்துவிடும். அதனால் ஒவ்வொரு காயையும் நூலால் கட்டி, தாய் எது, மகரந்தம் எதிலிருந்து என்று சீட்டெழுதித் தொங்கவிட வேண்டும். அத்தை நூலைப் பிடித்துக்கொள்கிறார், நான் பென்சிலால் எழுதுகிறேன். இன்னும் பதினோரு காய் பாக்கி.