நூல் ஓவியம்

நூல் என்னும் சொல் தமிழில் இருபொருள் தரும். நூற்கப்படும் இழையும் நூலே. கற்கப்படும் ஏடும் நூலே. தச்சர் நூல் பிடித்து மரத்தின் கோணலை நீக்குவது போலக் கல்வி நூல் மனத்தின் கோணலை நீக்கும் என்பது நன்னூலார் கருத்து. இவ்வாறு நேர்மைக்கு அளவாக நிற்கும் நூலைக் கொண்டே அழகிய வளைவுகளையும் படைக்கலாம் என்றால் வியப்பன்றோ! அவ்வியப்பை விளைவிப்பதே நூல் ஓவியம். பலகையில் ஆணிகளை ஒழுங்குற அறைந்து, அவற்றினிடையே நூலை இழுத்துக் கட்டிச் சுவரில் மாட்டும் ஓவியமாக ஆக்குதல் வீட்டிலிருந்தே செய்யத்தக்க எளிய கைத்தொழிலாகும்.

இக்கலைக்கும் கணிதத்திற்கும் நெருங்கிய உறவுண்டு. அவ்வுறவைச் சிறுவர் கல்விக்குப் பயன்படுத்தியவர் மேரி பூல் அம்மையார். அவர் இங்கிலாந்தில் 1832ஆம் ஆண்டில் பிறந்தார். இமயத்தின் உயர்ந்த சிகரத்திற்கு எவருடைய பெயர் சூட்டப்பட்டதோ, அந்நில அளவை அறிஞர் ஜார்ஜ் எவரெஸ்ட் அவருடைய தந்தையுடன் பிறந்தவர். மேரி, கணிதப் பேராசிரியர் ஜார்ஜ் பூலை 1855இல் மணந்தார். 1864இல் கணவர் காலமானார். பெண்மக்கள் ஐவரையும் வளர்க்கும் பொறுப்பு அவர்மீது விழுந்தது. அம்மையார் மனந்தளரவில்லை, லண்டனில் ஒரு மகளிர் கல்லூரியில் நூலகராகப் பணியாற்றினார், சிறுவர்க்குக் கணிதம் கற்பிக்கும் முறையைப் பற்றி இடையறாது சிந்தித்தார். விதியை முதலில் ஓதுவித்தலைவிடக் கையை முதலில் பழக்குதல் நன்று என்பது அவர் துணிபு. ஆதலின், அட்டையில் துளையிட்டு வண்ண நூலால் தைக்கும் பயிற்சியைச் சிறுவர்க்குரியதாக எடுத்துரைத்தார். அட்டையில் அவர் கண்ட அம்முறையையே பலகையிலும் ஆணியிலும் செய்து பார்க்கலாம்.

முதன்முதல் இதனைச் செய்ய விரும்புவோர், ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் உள்ள மென்மரப் பலகையொன்றைத் தேர்ந்தெடுத்தல் வேண்டும். அதனை உப்புத்தாளால் தேய்த்துக் கருவண்ணம் பூசி உலர்த்துக. பின்னர், ஒரு தாளில் 20 சென்டிமீட்டர் நீளமுள்ள நிலைக்கோடு ஒன்றும், அதன் அடியிலிருந்து அதே நீளமுள்ள கிடைக்கோடு ஒன்றும் செங்கோணத்தில் வரைக. இரண்டிலும் மூலையிலிருந்து 2 சென்டிமீட்டருக்கு ஒரு புள்ளியாகப் பத்துப் பத்துப் புள்ளிகள் இடுக. நிலைக்கோட்டின் புள்ளிகளை மேலிருந்து கீழாகவும், கிடைக்கோட்டின் புள்ளிகளை மூலையிலிருந்து வெளியாகவும் 1 முதல் 10 வரை எண்ணிடுக. தாளைப் பலகைமேல் ஒட்டிப் புள்ளிதோறும் சிற்றாணி அறைக. சுத்தியல் விரலிற் படாதவாறு ஆணியைக் குறடால் பற்றிக்கொள்ளுதல் நலம். எல்லா ஆணிகளும் ஒரே உயரமாக நிற்றல் வேண்டும். அதன்பின் எண்களை நினைவிற் கொண்டு தாளைக் கிழித்தெடுக்கலாம்.

இனி, நிலைக்கோட்டின் முதல் ஆணியில் நூலை முடிச்சிட்டுக் கிடைக்கோட்டின் முதல் ஆணிக்கு இழுத்து ஒருமுறை சுற்றுக. அங்கிருந்து அடுத்துள்ள இரண்டாம் ஆணியைச் சுற்றி, நிலைக்கோட்டின் இரண்டாம் ஆணிக்குச் செல்க. இவ்வாறே எண்ணுக்கு எண் இணைத்துப் பத்தாம் ஆணியில் முடிச்சிட்டு, முடிச்சின்மேல் சிறிது பசை தடவுக. நூல் தளர்ந்தால் தொய்யும். மிகுதியாக இழுத்தால் ஆணி சாயும்.

பணி முடிந்தபின் சற்று விலகி நின்று நோக்கினால், இழைகளின் ஓரத்தில் ஓர் இனிய வளைவு தோன்றும். பரவளையம் என்று கணித நூலார் வழங்கும் வளைவே அது. வளைந்த இழை அதில் ஒன்றேனும் இல்லை. ஒவ்வோர் இழையும் அவ்வளைவை ஓரிடத்தில் தொட்டுச் செல்கின்றது. தொட்ட இடங்களையெல்லாம் கண் ஒன்றாகக் கோத்துக் காண்கின்றது.

இதில் தேர்ந்தோர் வட்டத்திற்குச் செல்லலாம். கோணமானியால் 10 பாகைக்கு ஒன்றாக 36 ஆணிகள் அறைந்து வரிசையாக எண்ணிட்டு, ஒவ்வோர் ஆணியையும் அதன் இருமடங்கு எண்ணுடைய ஆணியோடு இணைத்தல் வேண்டும்: 1ஐ 2உடன், 2ஐ 4உடன், 3ஐ 6உடன் என்க. பெருக்கிய எண் 36ஐக் கடந்தால் 36ஐக் கழித்துக்கொள்க; 19க்கு உரியது 2 ஆகும். 18ஆம் ஆணி மேலே அமையுமாறு மாட்டினால், இதயத்தை ஒத்த வடிவம் விளங்கும். இரண்டாம் வாய்பாடே ஓவியமாகிவிடுகின்றது!

இப்பணியில் பிழையை மறைத்தல் இயலாது. ஐந்தாம் ஆணிக்குரிய இழை ஆறாம் ஆணியில் விழுந்தால், பின்வரும் இழைகள் யாவும் நிலைதவறும். பிழை நேர்ந்த இடம்வரை நூலைப் பிரித்து, மீண்டும் தொடங்குதலே வழி. அதற்கு நாணுதல் வேண்டா. பிரித்துக் கட்டும் கை பொறுமையையும் உடன் கற்கின்றது.

அம்மையாரின் மகள் அலிசியா, பல்கலைக்கழகம் புகாதவர். அட்டையால் உருவங்கள் செய்து வடிவியலில் அரிய உண்மைகள் கண்டவர். 1914இல் நெதர்லாந்து நாட்டின் குரோனிங்கன் பல்கலைக்கழகம் அவருக்கு மதிப்புறு முனைவர் பட்டம் வழங்கியது. கணிதம் தமக்கு வாராது என்று சோர்ந்திருக்கும் மாணாக்கர் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும். கையால் பழகியது கருத்தில் நிற்கும். சுவரில் தொங்கும் நூல் ஓவியம் வீட்டிற்கு அழகு. அதனை ஆக்கக் கற்ற அறிவு ஆக்கியோர்க்கு அழகு.