ஒளியால் இறுகும் மென்படலம்

பட்டு நூல் தறியேறுமுன் இருமுறை கொதிநீரில் இறங்குகிறது. முதலில் சோப்பும் சோடாவும் கலந்த கார நீரில் அதன் பசை நீங்குகிறது. கச்சாப் பட்டின் எடையில் 100-க்கு 20 முதல் 25 பங்கு இப்பசையே. அடுத்து, அமிலச் சாயமாயின், புளிப்பூட்டிய நீரில் நிறம் ஏறுகிறது. காரம் மிஞ்சினால் இழை வலுவிழக்கும். அமிலம் மிஞ்சினால் சாயம் விரைந்து பற்றித் திட்டுத் திட்டாகும். பிழை கண்ணுக்குத் தெரியும்போது நூல் கெட்டுவிடுகிறது. நஷ்டம் ஆரணி நெசவாளர் தலையில் விழுகிறது. நீரின் நிலையை முன்கூட்டியே உணர்த்தும் பொருள் உண்டா?

உண்டு. பட்டு என்பது சிறு மூலக்கூறுகள் சங்கிலியாய்க் கோத்த பாலிமர். அத்தகைய சங்கிலியை ஒளியாலும் கோக்கலாம். இரும்பு உப்புக் கரைசலில் ஒளி பட்டதும் வினைல் பொருள்கள் இவ்வாறு இணைவதை இவான்ஸ், ஊரி ஆகியோருடன் ஆராய்ந்து 1951-இல் வெளியிட்டவர் எம். சந்தப்பா. பின்னர் அவர் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்து இத்துறையை வளர்த்தார்.

செய்முறை இது: அக்ரிலிக் அமிலம் போன்ற திரவத்துடன், சங்கிலிகளைக் குறுக்கே பிணைக்கும் பொருளையும், ஒளிபட்டால் சிதைந்து வினையைத் தொடங்கும் பொருளையும் சிறிதளவு சேர்ப்பர். இரு கண்ணாடித் தகடுகளுக்கிடையே மெல்லியதாகப் பரப்பிப் புறஊதா ஒளியைக் காட்டுவர். திரவம் வலைபோல் இறுகிப் படலமாகும். காற்றிலுள்ள பிராணவாயு இவ்வினையைத் தடுக்கும். மேல்தகடு அதை விலக்குகிறது. படலம் தடித்தால் ஒளி அடிவரை எட்டாது. அடிப்புறம் குழைந்தே நிற்கும். இத்திரவங்கள் தோலையும் கண்ணையும் புண்ணாக்குவன. ஆதலின் இது ஆய்வுக்கூட வேலையேயன்றி வீட்டு வேலையன்று.

இப்படலம் அமிலம் மிகுந்த நீரில் சுருங்கும். அமிலம் குறையக் குறைய உப்பும். ஆதலின் சாய நீருக்கு இது பொருந்தும். கார நீருக்கு, நிறம் மாறும் சாயமொன்றைப் படலத்தில் பிணைக்க வேண்டும்.

அத்தகைய படலம் கைக்கு வரும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. பி.எச். தாள் கடைகளில் கிடைக்கிறது. 7 நடுநிலை, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். தொட்டி நீரில் ஒரு கரண்டி எடுத்து ஆறவைத்துத் தாளை நனைத்து, நிறத்தை அட்டையோடு ஒப்பிடுக. பசை நீக்கும் நீர் ஏறத்தாழ 9.5 முதல் 10.5 வரையும், அமிலச் சாய நீர் பெரும்பாலும் 4 முதல் 5 வரையும் இருத்தல் நலம். ஒவ்வொரு தொட்டியின் அளவையும் சங்கக் குறிப்பேட்டில் எழுதிவருக. ஒருவர் கண்ட பிழை அனைவருக்கும் பாடமாகும். கூட்டுறவின் பயனும் அதுவே.