மூன்றாம் வரிசையில் வயிறு தள்ளிய சுவர்

கேள்வி: கரியாலூரில் மலைச்சரிவில் எங்கள் வீடு. கட்டி மிஞ்சிய செங்கல் நூறு கிடக்கிறது. தோட்டத்தில் உட்கார ஒரு திட்டு கட்டலாமென்று நானே கரணையை எடுத்தேன். ஆறடி நீளம், ஒன்பது அங்குல அகலம். மூன்றாம் வரிசையிலேயே சுவர் வயிறு தள்ளிவிட்டது. மறுநாள் பார்த்தால் கலவை கல்லில் ஒட்டாமல் மாவாக உதிர்கிறது. எங்கே தப்பு? என்னைப் போன்றவர்கள் கற்றுக்கொள்ள முடியுமா?
— வாசகர், கரியாலூர்

பதில்: முடியும். உங்கள் கையில் தப்பில்லை. கல் தாகத்தோடு இருந்தது, நீங்கள் கண்ணை நம்பினீர்கள். இரண்டே காரணம்தான்.

காய்ந்த செங்கல் கலவையிலுள்ள தண்ணீரை உறிஞ்சிவிடும். தண்ணீர் போனால் சிமெண்ட் இறுகாது, உதிரும். கல்லைத் தொட்டியில் போட்டு, குமிழி வருவது நிற்கும்வரை ஊறவிடுங்கள். எடுத்து, ஈரம் சொட்டாத பதத்தில் வையுங்கள்.

அடுத்தது நூல். கொத்தனார் நடுவிலிருந்து தொடங்க மாட்டார். முதலில் இரண்டு முனைகளிலும் இரண்டு மூன்று வரிசை ஏற்றி, தூக்குக்குண்டு விட்டுப் பார்ப்பார். பிறகு முனைக்கு முனை நூல் கட்டி, நடுக்கல்லை நூலுக்கு வைப்பார். கல் நூலைத் தொடக்கூடாது. தொட்டால் நூல் நகரும், நூலோடு சுவரும் நகரும். ஒவ்வொரு வரிசைக்கும் ரசமட்டம் வையுங்கள். சந்துக்கு மேல் சந்து வராமல், ஒரு வரிசை நீளவாக்கிலும் அடுத்தது குறுக்கிலும் போகட்டும். குறுக்கு வரிசையின் ஓரக்கல்லை அடுத்து, நீளவாக்கில் பிளந்த அரைக்கல்லை வைத்தால் சந்து விலகிவிடும்.

மலைக்குக் கல் ஏற்றுவது செலவு. அதனால் சிமெண்டில் பழகாதீர்கள். செம்மண்ணைக் குழைத்து அதே திட்டை ஐந்து வரிசை கட்டுங்கள். குண்டு விட்டுப் பாருங்கள், பிரியுங்கள், கல்லைக் கழுவி மறுபடி கட்டுங்கள். மூன்று தடவை கட்டினால் சாந்தை அரை அங்குலத்துக்கும் குறைவாக, ஒரே கனமாக விரிக்கக் கை பழகிவிடும். கல் ஒன்றும் வீணாகாது. ஒன்பதுக்கு நாலரைக்கு மூன்று அங்குல நாட்டுச் செங்கல் என்றால், ஐந்து வரிசைக்கு எண்பது போதும். மிச்சம் சேதாரத்துக்கு.

சரிவில் கடைக்கால்தான் உயிர். பள்ளப் பக்கம் கொட்டி நிரவிய மண்ணில் கட்டினால் ஐப்பசி மழையில் இறங்கும். மேட்டைச் செதுக்கி, கெட்டி மண் வரும்வரை ஒன்றரை அடி அகலத்தில் தோண்டுங்கள். அடிமட்டம் சரிவாக இருக்கக்கூடாது. தேவைப்பட்டால் படிப்படியாக வெட்டி, சல்லிக் கான்கிரீட் போடுங்கள். திட்டு பின்பக்க மண்ணையும் தாங்குவதாக இருந்தால், அடி வரிசையில் மூன்றடிக்கு ஒரு சந்தைச் சாந்து வைக்காமல் விடுங்கள். மழைத்தண்ணீர் அதன் வழியே வெளியேறும்.

சிமெண்ட் ஒரு பங்கு, மணல் ஆறு பங்கு. எம்-சாண்டும் சரி. அரைமணி நேரத்தில் தீரும் அளவே குழையுங்கள். இறுகத் தொடங்கிய கலவையில் தண்ணீர் ஊற்றிக் கிளறாதீர்கள், அதன் பலம் போய்விட்டது. சிமெண்ட் கையைப் புண்ணாக்கும். கையுறை போடுங்கள்.

கட்டி முடித்ததும் ஈரச்சாக்குப் போர்த்தி, காய விடாமல் தண்ணீர் தெளியுங்கள். ஏழு நாள் நனைந்த பிறகு உட்காருங்கள், அதற்கு முன் வேண்டாம்.