புறக்கிருத்தியங்களை நிறுக்கும் தராசு

கல்லூரிப் பிரவேசத்தை நாடும் மாணாக்கனின் பாடத்திறமையை அறிதல் ஒருவாறு எளிது. பரீட்சைப் புள்ளிகள் உள. அவன் பாடவேளைக்குப் புறம்பே செய்தவற்றை, அதாவது விளையாட்டு, சாரணியம், நாடகம், நாவன்மை, மன்றப் பணி முதலாய புறக்கிருத்தியங்களை, எக்கோல்கொண்டு அளப்பது? “பிள்ளையிடம் பத்துச் சான்றிதழ்கள் இருக்கின்றன; போதுமா?” என்று பெற்றோர் வினவுகின்றனர். கற்பிட்டிக் குடாநாட்டுக் குறிஞ்சிப்பிட்டி போன்ற கரையோரக் கிராமத்தின் பிள்ளையை மனத்திற்கொண்டு இதனை ஈண்டு ஆராய்வாம்.

எந்த வாயில் இதனைக் கேட்கின்றது என்பதே முதலில் அறியத்தக்கது. இலங்கைப் பல்கலைக்கழகங்களின் பெருவாயில் கேட்பதில்லை. 1974இல் மாவட்டப் பங்கீடு புகுந்தது. 2001 முதல் இசட் புள்ளி முறை வழங்குகின்றது. பெரும்பாலான பாடநெறிகளில் நூற்றுக்கு 40 இடங்கள் அகில இலங்கைத் திறமைப்படியும், 55 இடங்கள் மாவட்டங்களின் சனத்தொகை விகிதப்படியும், 5 இடங்கள் கல்வி வசதி குறைந்த 16 மாவட்டங்களுக்கும் பகிரப்படுகின்றன. அப்பதினாறனுள் புத்தளமும் ஒன்று. இக்கணக்கில் பேச்சுப்போட்டிக்கோ ஓட்டப்பந்தயத்துக்கோ ஓர் இலக்கமும் இல்லை. ஆதலின், உயர்தரப் பரீட்சைக்குரிய மாலைப் பொழுதுகளைச் சான்றிதழ் திரட்டுதற்கென்றே செலவிடுவோன், வினாத்தாளில் இல்லாத வினாவுக்கு விடை எழுதுகின்றான் என்றே கூறுதல் வேண்டும். விளையாடவேண்டாம் என்பது எம் கருத்தன்று. விளையாட்டின் பயன் விளையாட்டிலேயே உண்டு.

சிறு வாயில்கள் சில உள. தேசிய, சருவதேச மட்டங்களிற் சிறந்து விளங்கியோருக்கெனப் பல்கலைக்கழகங்களில் விசேட ஏற்பாட்டின்கீழ் மிகச் சில இடங்கள் உண்டு. அங்கே வலயப் போட்டியிற் பெற்ற மூன்றாம் பரிசு செல்லாது. கல்வியியற் கல்லூரிகளின் நேர்முகப் பரீட்சையிலும் சான்றிதழ்கள் எடுத்து நோக்கப்படுகின்றன. பிறநாட்டுக் கல்லூரிகள், சிறப்பாக அமெரிக்கக் கல்லூரிகள், இவற்றை விரிவாகவே கேட்கும். ‘போதுமா’ என்னும் வினா இவ்வாயில்களின் முன்னேதான் பொருளுடையதாகின்றது.

நிறுப்போரின் கையும் தவறுவதுண்டு. தமிழ்நாட்டு வைத்தியக் கல்லூரித் தெரிவில், பாடப் புள்ளிகள் 200உடன் நேர்முகத்துக்கு 75 புள்ளிகள் வைக்கப்பட்டிருந்தன. விளையாட்டு அல்லது தேசிய மாணவர் படை, புறப்பணிகள், தேகநிலை, பொதுத்திறன், நாட்டம் என ஐந்து தலைப்புகள் விதிக்கப்பட்டிருந்தும், புள்ளிகள் தலைப்புவாரியாகப் பிரித்து இடப்படவில்லை. ஒரே தொகையாக இடப்பட்டன. பெரியகருப்பன் வழக்கில் 1970ஆம் ஆண்டு இந்திய உயர்நீதிமன்றம் இம்முறையைப் பிழையெனக் கண்டது. 75 என்பதும் மிகை என்றது. பின்னர் ஸ்ரீநகர்ப் பொறியியற் கல்லூரியில் எழுத்துக்கு 100, வாய்மொழிக்கு 50 என வைத்து, அவ்வைம்பதில் 10 புறக்கிருத்தியங்களுக்கென ஒதுக்கினர். ஒவ்வொருவரையும் இரண்டு மூன்று நிமிடமே இருத்தி, தந்தை யார், ஊர் எது என்று கேட்டு அனுப்பினராம். அஜய் ஹாசியா வழக்கில் 1980 நவம்பரில் அதே நீதிமன்றம் நூற்றுக்கு 15க்கு மேல் வாய்மொழிக்கு வைத்தல் தகாது என்று தீர்த்தது. நேர்முகத்தை ஒலிப்பதிவு செய்தல் நன்று என்றும் கூறிற்று.

மேல்நாட்டுச் செய்தி இதனினும் கொடிது. 1922இல் ஹாவர்ட் சர்வகலாசாலைத் தலைவர் லோவல் யூத மாணாக்கரின் தொகைக்கு வரம்பிட விழைந்தார். வெளிப்படையான வரம்புக்கு எதிர்ப்புக் கிளம்பவே, 1926 முதல் ‘குணநலம்’, ‘ஆளுமை’ என்பவற்றையும் நிறுக்கலாயினர். யூதரின் தொகை குறைந்தது. எழுதிவைத்த அளவுகோல் இல்லாவிடத்து, புறக்கிருத்தியம் என்னும் நற்பெயர் வேண்டாதவரை விலக்கும் தாழ்ப்பாளாகவும் ஆகும்.

இனி, நேர்மையான கை எங்ஙனம் நிறுக்கும்? எண்ணிக்கை பயன்தராது. ஒருநாட் கருத்தரங்கு பத்துக்குச் சென்ற பத்துத் தாள்களினும், மூன்றாண்டு ஒரே சாரணர் அணியில் நின்று ஈற்றில் அணித்தலைமை ஏற்றமை கனமானது. எத்துணைக் காலம் செய்தான், எப்பொறுப்பை ஏற்றான், அவன் நீங்கியபின் அங்கு எது எஞ்சிற்று என்பவற்றை நோக்குதல் வேண்டும். இவற்றோடு, அவனுக்கு எட்டும் தொலைவில் யாது இருந்தது என்பதனையும் சேர்த்து நோக்காத தராசு கோணற்றராசே. நீச்சற்றடாகமும் விவாதப் பயிற்சியும் உள்ள கொழும்புப் பாடசாலை மாணாக்கனின் பதக்கமும், பயிற்றுநர் இன்றி மணற்றரையில் ஓடிப் பெற்ற பதக்கமும் ஒரே எடையின அல்ல.

குறிஞ்சிப்பிட்டியின் வாழ்வு கடலையும் தோட்டத்தையும் பற்றியது. வெங்காயப் பாத்திக்கு நீர் இறைத்தல், வலை செப்பனிடல், தந்தை தொழிலுக்குப் போன நாளில் இளையோரைப் பார்த்தல் என்பனவற்றிலேயே அங்குள்ள பிள்ளைகள் பலரின் மாலைகள் கழிகின்றன. இவை புறக்கிருத்தியம் ஆகுமா? ஆகும் என்பதே எம் துணிபு. அமெரிக்கக் கல்லூரிகள் பல ஏற்கும் பொது விண்ணப்பப் படிவம் பத்துக் கிருத்தியங்களுக்கே இடந்தருகின்றது. அதன் வகைகளுட் குடும்பப் பொறுப்பும் சம்பள வேலையும் உள. நம் நாட்டு விசேட ஏற்பாட்டில் இதற்கு இடமில்லை என்பதும் உண்மை. ஆயினும் நேர்முகத்தில் அமர்வோருக்கு இதனைக் கூறக் கூசும் பிள்ளை, தன் கனத்தில் ஒரு பகுதியைத் தானே வெளியில் வைத்துவிட்டுச் செல்கின்றான்.

பாடப்புறத்து முயற்சியின் வலிமைக்குக் கற்பிட்டியிலேயே சான்று உண்டு. 1807இல் அங்குப் பிறந்த சைமன் காசிச்செட்டி, அரசாங்க உத்தியோகத்திலிருந்துகொண்டே, தம் இருபத்தேழாம் ஆண்டளவில், 1834இல், இலங்கை அகராதி நூலாகிய ‘சிலோன் கசற்றியர்’ என்பதனை வெளியிட்டார். 1859இல் தமிழ்ப் புலவர் வரலாற்றைத் ‘தமிழ் புளூராக்’ எனத் தந்தார். ஓய்வுவேளையிற் கேட்டும் குறித்தும் தொகுத்தமையால் விளைந்தவை அவை. குறித்து வைத்தல் என்னும் அச்செயலே இன்று எம் பாடசாலைகளிற் பெரிதும் குறைவாயுள்ளது.

விடுகைப் பத்திரத்தில் ‘விளையாட்டிலும் மன்றங்களிலும் ஈடுபாடு உடையவர்’ என்று எல்லார்க்கும் ஒரே வாக்கியம் எழுதப்படுகின்றது. அவ்வாக்கியம் எவர்க்கும் உதவாது. ஆசிரியராய் அமர்ந்துள்ள எம் பழைய மாணவர்கள், ஆறாம் வகுப்பு முதல் மாணாக்கர் ஒவ்வொருவர்க்கும் ஓர் ஏடு வைத்து, தவணைதோறும் திகதியிட்டு, பொறுப்பாசிரியரின் ஒப்பம் பெற்றுவருதல் நன்று. ‘ஒன்பதாம் வகுப்பு முதல் மூன்றாண்டு நூலகப் பொறுப்பு, வாரம் இருநாள், நூற்பட்டியலைப் புதிதாக எழுதியவர், காலையில் தோட்ட வேலை முடித்து வருபவர்’ என்று நான்கு வரி எழுதக் கால்மணி நேரமும் செல்லாது. பிழை தோன்றின் அவ்வாண்டிலேயே திருத்திக்கொள்ளலாம். விண்ணப்ப முடிவு நாளின் முன்னிரவு எழுதும் சான்றுரையில் அதற்கு வழியில்லை.