அறிமுகமும் உத்தியோகமும்

இராயபுரத்தினின்று புறப்பட்டுத் திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரை செல்வோர், வழிநெடுகத் தொழிலின் சின்னங்களையே காண்பர். தென்னிந்தியாவில் பிரயாணிகளை ஏற்றிய முதல் புகைவண்டி 1856-இல் இராயபுரத்தினின்றே புறப்பட்டது. 1946-இல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் விளையாட்டுப் பலூன் செய்யத் தொடங்கிய தொழிலே பின்னர் எம்.ஆர்.எப். டயர்க் கம்பெனியாயிற்று. எண்ணூரில் 2001-இல் திறக்கப்பெற்ற துறைமுகம் இன்று காமராஜர் துறைமுகம் என வழங்குகிறது. எனினும், இவற்றினருகே சங்கொலி கேட்டு வளர்ந்து பட்டமும் பெற்ற இளைஞர் பலர், அம்மதில்களுக்குள் உத்தியோகம் வகிப்போர் ஒருவரையேனும் அறியார். மதில் அணித்தே; வாயிலோ சேய்மையில் உள்ளது. இக்குறையை நீக்கும் வழியொன்றை ஆராய்வதே இச்சிறு கட்டுரையின் நோக்கம்.

வேலை தேடுவோர் நெருங்கிய உறவினரையும் உயிர்த்தோழரையுமே முதலில் நாடுவது உலக இயல்பு. ஆயின், அமெரிக்கச் சமூகவியல் அறிஞர் மார்க் கிரானவெட்டர் 1973-இல் வெளியிட்ட ஆராய்ச்சி மாறானதோர் உண்மையைக் காட்டிற்று. பாஸ்டன் நகரை அடுத்த ஓர் ஊரில், அறிந்தவர் வாயிலாக வேலை பெற்றோரை அவர் வினவினார். அங்ஙனம் உதவியவரை அடிக்கடி சந்தித்து வந்தோர் நூற்றுக்கு ஏறத்தாழ 17 பேரே. ஏனையோர் எப்போதாவதோ அரிதாகவோ சந்தித்தவராவர். காரணம் வெளிப்படை. நம் வீட்டார் அறிந்த செய்தியை நாமும் அறிவோம். வேற்றிடத்துப் பழகுவோரே புதிய செய்தி கொணர்வர்.

இத்தகைய அறிமுகத்தை இணையத்தின் வழியே வளர்ப்பதற்கென 2003-இல் தொடங்கப்பெற்றது லிங்க்ட்இன் என்னும் தளம். அதனைப் பயன்படுத்துவோர் இரண்டு கோடிப் பேரிடையே ஐந்தாண்டுகள் நிகழ்ந்த சோதனைகளின் முடிவு 2022-இல் சயன்ஸ் பத்திரிகையில் வெளிவந்தது. ஓரளவே அறிமுகமானோர் வேலை பெறுதற்குப் பெரிதும் துணையாயினர் என்பது அதன் முடிவு. எனினும், கணினியைக் குறைவாகக் கையாளும் தொழில்களில் நெருங்கியோரே மிகுதியும் உதவினர். ஆகவே, பட்டறையில் பணிபுரியும் மாமனையும் மறத்தலாகாது. கடல் கடந்த பழைய மாணவரையும் விடுத்தலாகாது.

இனிச் செய்யத்தக்கன யாவை? முதலாவது, தன் பக்கத்தில் தான் கற்றதையும் செய்ததையும் உள்ளவாறே எழுதுக. கோடை விடுமுறையில் சரக்குக் கிடங்கில் கணக்கெழுதியது சிறிதெனக் கருதி மறைக்கற்க. அறியாத மொழியை அறிந்ததாகவும் கூறற்க. இரண்டாவது, அத்தளத்தில் நம் கல்லூரிப் பக்கத்தைத் திறந்து, பழைய மாணவர் எவ்வெவ்விடத்துப் பணிபுரிகின்றனர் எனக் காண்க. மூன்றாவது, முதற் கடிதத்திலேயே வேலை வேண்டற்க. "ஐயா, தாங்கள் பயின்ற கல்லூரியில் பௌதிகம் பயிலும் மாணவன் யான். துறைமுகப் பணிக்கு எதனைக் கற்றல் நலம் என ஒரு வரி எழுதியருள வேண்டுகிறேன்" என்பது போதும். மறுமொழி வரின் நன்றி கூறுக. சொன்னதைக் கற்றபின் அதனையும் தெரிவிக்க. அறிமுகம் நன்மதிப்பாவது இங்ஙனமே.

எச்சரிக்கையும் வேண்டும். வள்ளுவர் நட்பு என்னும் அதிகாரத்தை அடுத்து நட்பாராய்தலை வைத்தார். வேலை தருவதாகச் சொல்லி முன்பணம் கேட்போரை நம்பற்க. கப்பலுக்கு ஆளெடுக்கும் நிலையங்கள் மாலுமிகளிடம் அதற்கெனக் கட்டணம் வாங்கலாகாது என்பது நம் நாட்டு விதி. மீனவர் குடும்பம் ஒன்று நகையை அடகு வைத்துக் கொடுக்கும் பணம் இத்தகையோர் கையிற் சேருமாயின், அவ்விழப்பு ஒருவனோடு நில்லாது.

இறுதியாகப் பழைய மாணவர்களுக்கு ஒரு விண்ணப்பம். தந்தையின் நண்பர் அதிகாரியாக இருக்கப் பெற்றவனுக்கு அறிமுகம் பிறப்பிலேயே வாய்க்கிறது. வலை உலர்த்தும் தெருவினின்று வருபவனுக்கோ தங்கள் மறுமொழி ஒன்றே அறிமுகம். அவன் எழுதும் இரண்டு வரிக்குத் தாங்கள் ஒரு வரியேனும் எழுதுவீர்களாயின், சேய்மையிலுள்ள வாயில் அவனுக்கு அணித்தாகும்.