ஒரு சொல் கற்போம்: பிரிசம்ப்டிவ்



இந்த மாதம் நான் எடுத்துக்கொண்ட ஆங்கிலச் சொல் பிரிசம்ப்டிவ். நம்ம பாடப்புத்தகத்தில் இது இல்லை. ஆனால் அமெரிக்காவில் அதிபர் தேர்தல் வரும் வருடங்களில் எந்த ஆங்கிலச் செய்தித்தாளை விரித்தாலும் இது கண்ணில் படும். அதனால் தெரிந்துகொள்வது நல்லது.

பொருள்

இலத்தீன் மொழியில் 'ப்ரே' என்றால் முன். 'சூமெரே' என்றால் எடுத்துக்கொள்வது. இரண்டும் சேர்ந்தால் 'முன்னாலேயே எடுத்துக்கொள்வது'. அதாவது, முடிவு வருவதற்கு முன்னாலேயே, தக்க காரணம் இருப்பதால் ஒன்றை உண்மை என்று வைத்துக்கொள்வது.

இந்தச் சொல்லுக்கு இரண்டு பாதி உண்டு. முதல் பாதி, 'பெரும்பாலும் இப்படித்தான்'. இரண்டாம் பாதி, 'ஆனால் இன்னும் முடிவாகவில்லை, மாறினாலும் மாறலாம்'. நிறையப் பேர் முதல் பாதியை மட்டும் பிடித்துக்கொள்கிறார்கள். இரண்டாம் பாதிதான் முக்கியம் என்று காட்டத்தான் இதை எழுதுகிறேன்.

1. அரசியலில்

ஆங்கிலத்தில் 'பிரிசம்ப்டிவ் நாமினி' என்று எழுதுவார்கள். நாமினி என்றதும் பேங்க் பாஸ்புக்கில் எழுதுற நாமினி என்று நினைக்காதீங்க. இங்கே நாமினி என்றால் கட்சியின் வேட்பாளர்.

அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலமாக உட்கட்சித் தேர்தல் நடக்கும். அதில் தேர்வாகும் பிரதிநிதிகள் பிறகு ஒன்றுகூடி வேட்பாளரை முறைப்படி அறிவிப்பார்கள். பாதிக்கு மேற்பட்ட பிரதிநிதிகள் ஒருவருக்குக் கிடைத்துவிட்டால், அவர்தான் வேட்பாளர் என்று கிட்டத்தட்ட தெரிந்துவிடும். ஆனால் முறைப்படி அறிவிக்கும் வரை அவர் 'பிரிசம்ப்டிவ்' நாமினிதான்.

2024 மார்ச் 12 அன்று இரண்டு பேர் இந்தப் பெயரைப் பெற்றார்கள். ஜனநாயகக் கட்சியில் ஜோ பைடனுக்குத் தேவைப்பட்டது 1,968 பிரதிநிதிகள். குடியரசுக் கட்சியில் டொனால்ட் டிரம்புக்குத் தேவைப்பட்டது 1,215 பேர். இரண்டு பேருமே அன்றைக்கு அந்த எண்ணிக்கையைத் தாண்டிவிட்டார்கள்.

அப்புறம் என்ன ஆச்சு? ஜூலை 15 அன்று மில்வாக்கி நகர மாநாட்டில் டிரம்ப் முறைப்படி வேட்பாளர் ஆனார். பைடனோ ஜூலை 21 அன்று போட்டியிலிருந்தே விலகிவிட்டார். அந்தக் கட்சியின் வேட்பாளராக ஆகஸ்டில் கமலா ஹாரிஸ் தேர்வானார். (அவருடைய அம்மாவின் அப்பாவுக்குச் சொந்த ஊர் நம்ம திருவாரூர் மாவட்டம் துளசேந்திரபுரம்.) நவம்பரில் நடந்த தேர்தலில் டிரம்ப் வென்றார்.

பார்த்தீங்களா? ஒரே நாளில் ஒரே பட்டம் பெற்ற இரண்டு பேர். ஒருவருக்கு முதல் பாதி பலித்தது. இன்னொருவருக்கு இரண்டாம் பாதி பலித்தது. செய்தித்தாள்கள் பைடனை வெறும் 'நாமினி' என்று எழுதியிருந்தால் அது பொய்யாகப் போயிருக்கும்.

ஒரு சந்தேகம் வரலாம். நம்ம ஊர்ச் சுவரில் 'வருங்கால முதல்வரே' என்று எழுதுகிறார்களே, அதுவும் இதுதானா? இல்லை. அது ஆசை. பிரிசம்ப்டிவ் என்று சொல்ல ஆசை போதாது, கணக்கு வேண்டும்.

2. அரண்மனையில்

இங்கிலாந்தில் 'ஏர் பிரிசம்ப்டிவ்', 'ஏர் அப்பாரன்ட்' என்று இரண்டு வகை வாரிசு உண்டு. (இந்த ஏர் உழுகிற ஏர் இல்லை. வாரிசு என்பதற்கான ஆங்கிலச் சொல். முதல் எழுத்தான ஹெச் ஒலிக்காது.) அப்பாரன்ட் என்றால், அவருக்கு முன்னால் இனி யாரும் பிறந்து வந்து நிற்க முடியாது. பிரிசம்ப்டிவ் என்றால், இப்போதைக்கு அவர்தான் அடுத்தவர், ஆனால் நெருங்கிய உரிமை உள்ள ஒருவர் இனிமேல் பிறந்தால் பின்னால் போய்விடுவார்.

1936 டிசம்பரில் ஆறாம் ஜார்ஜ் மன்னர் ஆனபோது அவருடைய மூத்த மகள் எலிசபெத்துக்கு 10 வயது. அவருக்கு ஒரு தங்கை மட்டும்தான். ஆனாலும் அவரை ஏர் பிரிசம்ப்டிவ் என்றுதான் சொன்னார்கள். ஏனென்றால் ஒரு தம்பி பிறந்துவிட்டால் அரசுரிமை அவனுக்குப் போய்விடும். தம்பி பிறக்கவே இல்லை. 1952 பிப்ரவரி 6 அன்று அவர் ராணி ஆகும் வரை, 15 வருடத்துக்கு மேல் அந்தச் சொல் அவரோடு இருந்தது.

இதைப் படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. பிறக்காத பையனுக்கு இடம் பிடித்து வைத்துவிட்டு, பிறந்த பெண்ணை 'நீ இப்போதைக்குத்தான்' என்று உட்கார வைத்திருக்காங்க! 2013 இல் அங்கே சட்டத்தை மாற்றினார்கள். 2011 அக்டோபர் 28 க்குப் பிறகு பிறந்த பெண் குழந்தை, தம்பி பிறந்தாலும் தன் வரிசையை இழக்க மாட்டாள். 2015 இல் பிறந்த இளவரசி சார்லட்டுக்கு 2018 இல் லூயி என்ற தம்பி பிறந்தான். அக்காவின் இடம் மாறவில்லை. தம்பி அக்காவுக்குப் பின்னால்தான் நிற்கிறான்.

3. நீதிமன்றத்தில்

இதன் பெயர்ச்சொல் பிரிசம்ப்ஷன். 'பிரிசம்ப்ஷன் ஆஃப் இன்னசன்ஸ்' என்றால், குற்றம் நிரூபிக்கப்படும் வரை ஒருவரை நிரபராதி என்றே கொள்ள வேண்டும் என்பது.

நம் நாட்டுச் சாட்சியச் சட்டத்தில் இன்னொன்று உண்டு. ஒருவரைப் பற்றி 7 வருடமாக, இயல்பாகத் தெரிந்திருக்க வேண்டியவர்களுக்கே எந்தத் தகவலும் இல்லை என்றால், அவர் இறந்துவிட்டதாகக் கொள்ளலாம். அவர் ஒருநாள் திரும்பி வந்து நின்றால்? அந்த அனுமானம் உடைந்துவிடும். இங்கேயும் இரண்டாம் பாதி இருக்கிறது பாருங்க.

4. ஆஸ்பத்திரியில்

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் டிபி இருக்கலாம் என்று சளி சோதனை செய்யச் சொல்வார்கள். அப்படிப்பட்டவரை முன்பெல்லாம் ஆங்கிலத்தில் 'டிபி சஸ்பெக்ட்' என்று குறித்தார்கள். சஸ்பெக்ட் என்பது போலீஸ் ஸ்டேஷனில் சந்தேகப்படும் ஆளைச் சொல்கிற சொல். நோய் வந்தவர் என்ன திருடினாரா? 2013 இல் உலக சுகாதார நிறுவனம் அதை 'பிரிசம்ப்டிவ் டிபி' என்று மாற்றியது.

சொல் மாறினால் போதுமா, மனசும் மாறணும். எங்கள் அம்மாச்சிக்கு இருமல் நிற்காமல் சளி எடுத்துக் கொடுத்தோம். முடிவு வர இரண்டு நாள். அந்த இரண்டு நாளுக்குள்ளேயே தெருவில் ஒரு வீட்டில் அவங்களுக்குத் தனி டம்ளர் வைத்துவிட்டார்கள். அம்மாச்சி காபியைக் குடிக்காமலே வந்துட்டாங்க. சோதனையில் டிபி இல்லை என்று வந்தது. இருந்திருந்தாலும்தான் என்ன? சாதாரண டிபிக்கு 6 மாதம் விடாமல் மாத்திரை சாப்பிட்டால் குணமாகும். 'இருக்கலாம்' என்பதை 'இருக்கு' என்று ஆக்குகிறவர்கள் இந்தச் சொல்லின் இரண்டாம் பாதியைப் படிக்காதவர்கள்.

5. சொந்தக்காரச் சொற்கள்

பிரிசியூம்: காரணத்தோடு ஊகிப்பது.
அசியூம்: காரணம் கையில் இல்லாமலும் 'வைத்துக்கொள்வோம்' என்று எடுத்துக்கொள்வது. கணக்கில் எக்ஸ் என்று வைத்துக்கொள்கிறோமே, அது மாதிரி.
பிரிசியூமப்ளி: அநேகமாக.
பிரிசம்ப்சுவஸ்: உரிமை இல்லாத இடத்தில் உரிமை எடுத்துக்கொள்வது, அதிகப்பிரசங்கித்தனம். பிரிசம்ப்டிவ் என்று எழுத நினைத்து இதை எழுதிவிட்டால் பாராட்டு திட்டாகிவிடும்.

பயிற்சி (எந்தச் சொல் பொருந்தும்?)

அ) தேவையான பிரதிநிதிகள் கிடைத்துவிட்டார்கள், கட்சி இன்னும் அறிவிக்கவில்லை.
ஆ) கேட்காமலே அடுத்தவர் சைக்கிளை எடுத்து ஓட்டுகிறான்.
இ) மாநாட்டில் பெயரை அறிவித்தாயிற்று.

விடை: அ) பிரிசம்ப்டிவ் நாமினி. ஆ) பிரிசம்ப்சுவஸ். இ) வெறும் நாமினி. அறிவித்த பிறகு பிரிசம்ப்டிவ் சேர்க்கக் கூடாது.

பிரிசம்ப்டிவ் என்பதற்கு இரண்டு பாதியும் அடங்கிய ஒரே தமிழ்ச் சொல் எனக்குக் கிடைக்கவில்லை. 'உத்தேச' என்று போட்டுப் பார்த்தேன், முழுசாகப் பொருந்தவில்லை. உங்களுக்குத் தோன்றினால் துண்டுத் தாளில் எழுதி இதன் கீழே ஒட்டுங்கள். நல்ல சொல்லை அடுத்த இதழில் போடுவோம்.



ஒன்பதாம் வகுப்பு மாணவி