வலது இருக்கை

அன்புள்ள மருமகனுக்கு,

போன வாரம் நீ கேட்டதற்குப் பதில் சொல்ல ஆரம்பித்தேன். அதற்குள் உன்னை யாரோ கூப்பிட, நீ போனை வைத்துவிட்டாய். இது நிதானமாகச் சொல்ல வேண்டிய விஷயம் என்பதால் எழுதுகிறேன்.

"படையை விட்டு வெளியே வர இன்னும் ஐந்து வருஷம் இருக்கே மாமா, அதுக்கு இப்பவே எதுக்குத் தயாராகணும்?" என்றாய். நீ விமானப்படையில் ஷார்ட் சர்வீஸ் கமிஷனில் சேர்ந்தவன். 14 ஆண்டு என்றைக்கு முடிகிறது என்பது உனக்கு இன்றே தெரியும். அன்று உனக்கு வயது 36. என்னைப்போல 20 ஆண்டு முடித்து ஓய்வூதியத்தோடு நீ வெளியே வரப்போவதில்லை. பயணிகள் விமானத்தில் 65 வயதுவரை பறக்கலாம். விமானப்படையில் நீ பறக்கும் மொத்தக் காலத்தைப்போல் இரண்டு பங்கு அதற்குப் பிறகு கிடக்கிறது. அதற்கான வேலையை இந்த ஐந்து வருஷத்தில்தான் செய்தாக வேண்டும்.

லாக்புக்கிலிருந்து ஆரம்பி. நான் 42 வயதில் வெளியே வந்தபோது, சண்டிகரிலிருந்து லே, தோய்ஸ் என்று ஏ.என். 32 விமானத்தில் பறந்த மணிகளே எனக்காகப் பேசும் என்று நம்பியிருந்தேன். லைசென்ஸ் தருகிறவர்களுக்கு லடாக்கின் குளிரும் குறுக்குக் காற்றும் தேவையில்லை. கேப்டனாக எத்தனை மணி, கோ-பைலட்டாக எத்தனை, இரவில் எத்தனை, கருவிகளை மட்டும் நம்பிப் பறந்தது எத்தனை, ஒவ்வொன்றுக்கும் யார் கையெழுத்து? இவைதான் கேள்விகள். என் புத்தகத்தில் இரவுப் பறத்தல் பத்தியில் ஒரு பக்கத்தின் அடியில் இருந்த 3, அடுத்த பக்கத்தின் தலையில் 8 ஆகியிருந்தது. அந்தப் பிழை பதினோரு பக்கம் கூடவே நடந்து வந்திருக்கிறது. சாப்பாட்டு மேஜையில் உன் அத்தை ஸ்கேலை வரிவரியாக நகர்த்தி எண்களை வாசிக்க, நான் கால்குலேட்டரில் தட்டித் தட்டி மூன்று ராத்திரியில் அதைக் கண்டுபிடித்தோம். இன்னொரு மாதத்துக்குக் கையெழுத்தே இல்லை. போட வேண்டிய அதிகாரி ஓய்வு பெற்றிருந்தார். அந்தப் பிரிவும் வேறு ஊருக்கு மாறியிருந்தது. விண்ணப்பம் மூன்று முறை திரும்பி வந்தது. நாலு மாதம் போயிற்று. உள்ளே இருக்கும்போது பத்து நிமிஷத்தில் முடிந்திருக்கும் வேலை அது.

ஆகவே மாதம் முடிந்தால் கூட்டு, கையெழுத்து வாங்கு, பக்கத்தைப் படம் எடுத்து வை. உன் ஏ.என். 32 இரண்டு எஞ்சின் விமானம் என்பதே உனக்குப் பெரிய பலம். சீட்டா ஓட்டுகிற உன் நண்பனிடம் மட்டும் இதைத் தனியாகச் சொல்: சியாச்சினில் ஹெலிகாப்டரை இறக்கியவன் என்றாலும், இறக்கை விமானத்துக்கான லைசென்ஸ் வேறு. அவனுடைய மணிகள் அதில் அப்படியே ஏறிவிடாது. அவன் உனக்கும் முன்னால் ஆரம்பிக்க வேண்டும், பணமும் கூடுதலாகச் சேர்க்க வேண்டும்.

தேர்வுகள் கடினமானவை அல்ல, உன் நேரத்தைத் தின்பவை. 200 மணி இருந்தால் வணிக விமானி லைசென்ஸுக்குப் போதும். கேப்டனாக உட்காரத் தேவையான போக்குவரத்து விமானி லைசென்ஸுக்கு 1,500 மணி வேண்டும். உனக்கு அது கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. படையிலிருந்து வருகிறவர்களுக்குச் சலுகை உண்டு என்று மெஸ்ஸில் ஆளுக்கொன்று சொல்வார்கள். அதையெல்லாம் லைசென்ஸ் தருகிற டி.ஜி.சி.ஏ.வின் விதிப் புத்தகத்தில் நீயே பார்த்துக்கொள். விமான விதிமுறைத் தாளை எழுதித்தான் ஆக வேண்டும். படையின் விதியில் பத்து வருஷம் ஊறியவனுக்கு அந்தத் தாள்தான் சறுக்கும். தேர்ச்சிக்கு நூற்றுக்கு 70. ரேடியோ உரிமத்தையும் மறந்துவிடாதே. வருஷா வருஷம் கிடைக்கும் விடுமுறையில் பதினைந்து நாளை இதற்கென்று வெட்டி எடு. மீதியைக் குழந்தைகளுக்குக் கொடு.

உடல் தகுதிச் சோதனை உனக்குப் பழகியதுதான். பூட்ஸைக் கழற்றியபின் வயிறு பெருக்காமல் பார்த்துக்கொள், அவ்வளவே.

பணத்தைப் பற்றி ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்வேன். ஏ320 அல்லது போயிங் 737-க்கான டைப் ரேட்டிங் பயிற்சிக்கு லட்சக்கணக்கில் ஆகும். வேலைக் கடிதம் கைக்கு வருமுன் அதற்குப் பணம் கட்டாதே. 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸ் நின்றது. 2023 மேயில் கோ ஃபர்ஸ்ட் நின்றது. நடுவில் கொரோனா வந்தது. அந்த நாட்களில் லைசென்ஸும் அனுபவமும் உள்ளவர்களே வேலையில்லாமல் வீட்டில் இருந்தார்கள். குவார்ட்டர்ஸும் கையைவிட்டுப் போகும். இரண்டு வருஷக் குடும்பச் செலவை விதைநெல்போல ஒதுக்கி வை. அதை எடுத்துப் பயிற்சிக்குப் போடத் தோன்றும். போடாதே. இந்தக் கணக்கை உன் மனைவியோடு உட்கார்ந்து போடு. அவள் வேலை எந்த ஊரில் என்பதும் கணக்கில் சேர்ந்ததுதான்.

இதுவரை சொன்னது காகிதத்தில் முடிகிற காரியம். அடுத்ததற்கு எனக்கு ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

பயணிகள் விமானத்தில் உன்னை முதலில் துணை விமானியின் வலது பக்க இருக்கையில் உட்கார வைப்பார்கள். மெச்சுக்கா பள்ளத்தாக்கில் இறங்கியவனாக இருந்தாலும், சேர்ந்த தேதிதான் அங்கே மூப்பு. என் முதல் மழைக்காலத்தில் இடது இருக்கையில் இருந்தது 29 வயதுப் பெண் கேப்டன். விமானம் என் கையில். மேகத்துக்குள் இறங்கிக்கொண்டிருந்தோம். ஆயிரம் அடியில் வேகம் வரம்புக்கு மேல் பதினைந்து நாட் இருந்தது. "கோ அரவுண்ட்" என்றார். என்னால் சரிசெய்துவிட முடியும் என்று எனக்குத் தெரியும். கை த்ரஸ்ட் லீவர் மேலேயே இருந்தது, நகரவில்லை. மறுபடி சொன்னார், அதே குரலில். தள்ளினேன். மேலேறி, சுற்றி வந்து, இறங்கினோம். கீழே பஸ்ஸில் ஏறும்போது, கோபமே இல்லாமல் கேட்டார்: "சார், அந்த ரெண்டு செகண்ட் எதுக்காகக் காத்திருந்தீங்க?"

எனக்குப் பதில் வரவில்லை. ராத்திரி படுக்கையில் வந்தது. பள்ளத்தாக்கில் கீழே காத்திருக்கிற காவல் சாவடிக்கு மண்ணெண்ணெயும் அரிசியும் போய்ச் சேர வேண்டும் என்றால் எப்படியாவது இறக்குவதுதான் திறமை என்று இருபது வருஷம் என் கை கற்றிருந்தது. அங்கே அது சரி. பின்னால் 180 பேர் உட்கார்ந்திருக்கும்போது, இறங்காமல் மேலேறுவதில் எந்தக் குறைவும் இல்லை. அதற்கு யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை.

2010 மே 22 அன்று மங்களூரில் துபாயிலிருந்து வந்த விமானம் ஓடுபாதையைத் தாண்டி மலைச்சரிவில் விழுந்து 158 பேர் இறந்தார்கள். கோ அரவுண்ட் என்று துணை விமானி ஒன்றுக்கு மேற்பட்ட முறை சொல்லியிருக்கிறார். இறக்கம் நிற்கவில்லை. அந்த விசாரணை அறிக்கையை முழுக்கப் படி. வலது இருக்கையில் இருப்பவன் வாயைத் திறந்தால் போதாது, இடது இருக்கையின் கை நகர வேண்டும். நீ ஒருநாள் இடதுக்குப் போவாய். அப்போது கேட்கத் தெரிய வேண்டும் என்றால், வலதில் இருக்கிற இரண்டு மூன்று வருஷம் சொல்லவும் சொல்வதைக் கேட்கவும் பழகு. இதை இப்போதே ஸ்குவாட்ரனில் தொடங்கலாம். உன் கோ-பைலட், வயதில் சின்னவன், ஏதாவது சுட்டிக்காட்டினால் முதலில் கையை அசை, காரணத்தைத் தரையில் கேட்டுக்கொள்.

விடியற்காலை நாலு மணிக்கு மூச்சுச் சோதனைக் குழாயில் ஊதி, அன்றைக்குத்தான் பெயர் தெரிந்த ஒருவரோடு பறந்து, மாலையில் அவரைப் பிரிகிற வாழ்க்கை இது. ஸ்குவாட்ரன் நட்பு இங்கே கிடையாது. முதல் வருஷம் அது வலிக்கும். பழைய தோழர்களுக்குப் போன் செய்வதை நிறுத்திவிடாதே.

பொங்கலுக்கு லீவு கிடைத்திருக்கிறது என்று அக்கா சொன்னாள். வரும்போது லாக்புக்கைப் பெட்டியில் போடாமல் கைப்பையில் எடுத்து வா. முதல் பக்கத்திலிருந்து கூட்டிப் பார்ப்போம். ஸ்கேல் என்னிடம் இருக்கிறது.

அன்புடன்,
மாமா